மதிலுக்கு மேலால் வரும் வைஃபை

எங்கள் வீட்டுக்கு இணையம் மதிலுக்கு மேலால் வருகிறது. பக்கத்து வீட்டு விறாந்தை யன்னலில் ஒரு ரவுட்டர் இருக்கிறது. அது நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நானா கிண்ணியாவில் பிறந்தவர். துறைமுகத்தடியில் வெகுகாலம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். இப்போது கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, அவர் அதை எப்படி நடத்தக்கூடாது என்று விறாந்தையில் இருந்தபடி எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய வளவுக் கிணறு உவர். எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். அதில் என் திறமை எதுவும் இல்லை. ஆகவே எங்கள் மோட்டரிலிருந்து ஒரு குழாய் மதிலுக்கு மேலால் அங்கே போகிறது, அவருடைய வைஃபை அதே மதிலுக்கு மேலால் இங்கே வருகிறது. இந்த ஏற்பாட்டை நாங்கள் ஒருநாளும் இருந்து பேசியது கிடையாது. மோட்டர் நின்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர். ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்தால் முதலில் கூப்பிடுகிறவன் நான்.

நானா என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். நான் யாருக்கும் படிப்பித்தவன் அல்லன், நூலகத்தில் வேலை செய்கிறவன். ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டேன். "அவ்வளவு புத்தகத்துக்குப் பக்கத்தில இரிக்கிறீங்க, ஏதாச்சும் ஒட்டியிரிக்கும்தானே" என்றார். அவர் நம்பிக்கை அது. என் மனைவிக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததில்லை.

அவள் சிங்களமும் ஆங்கிலமும் தமிழைப் போலவே தெரிந்தவள். கல்யாணத்துக்கு முன்னர் ஒரு கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். பிறகு பிள்ளைகள், பிறகு என் தாயாரின் படுக்கை, பிறகு பிள்ளைகளின் பரீட்சைகள். வேலை எப்போது போனது என்று கேட்டால் எனக்கு நாள் சொல்லத் தெரியாது, அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களுக்குப் போய்விட்ட பின், வீட்டிலிருந்தே மொழிபெயர்க்க ஆட்கள் வேண்டும் என்று கொழும்பில் ஒரு நிறுவனம் விளம்பரம் போட்டிருந்ததைக் கண்டு விண்ணப்பித்தாள். கூப்பிட்டுவிட்டார்கள். நேர்முகப் பரீட்சை வீடியோவில். முதலில் பேச்சு, பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே திரையில் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துத் தட்டச்சுச் செய்து காட்டவேண்டும். கைபேசியில் ஏலாது, கணினி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"எனக்கு இது கிடைக்கவேணும்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டு. அவள் எதையும் ஒருமுறைதான் சொல்வாள். மறுமுறை சொல்லவேண்டி வந்தால் அது வேறு விதமாக இருக்கும்.

வீட்டில் ஒரு பழைய லப்டொப் இருந்தது. கைமாறி வந்தது. இணைய வயர் செருகும் துளை முந்தின சொந்தக்காரரின் காலத்திலேயே உடைந்துவிட்டிருந்தது. பொத்தானை அமத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் கண் விழிக்கப் பார்க்கும். நேர்முகப் பரீட்சையின் நடுவில் இது உறங்கிப்போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். என்னுடைய கேடுகள் எல்லாம் இப்படி நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகின்றன.

லினக்ஸ் பற்றி அந்தக் காலத்தில் நிறைய வாசித்திருந்தேன். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான ஓர் இயங்குதளம், பழைய கணினிகளையும் ஓடவைக்கும். வாசிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. நூலகத்தில் வேலை செய்கிறவனுக்குப் பொதுச்சொத்து என்றால் ஒரு பலவீனம். இருந்ததை அழித்துவிட்டு அதைப் போட முடிவுசெய்தேன்.

"ஓடுற சாமானை ஏன் கழட்டுறியள்?" என்றாள்.

"அது ஓடேல்லை. தவழுது."

"தவழ்ந்தாலும் போய்ச் சேருதுதானே."

"நீர் பொறும். மத்தியானத்துக்குள்ள பறக்கும்."

மத்தியானத்துக்குள் உண்மையாகவே பறந்தது. பொத்தானை அமத்தியதும் திரை வந்தது. எழுத்துகள் தெளிவாக, தமிழ் அழகாக. எல்லாம் இருந்தது, வைஃபை மட்டும் இல்லை. வைஃபைக்கான அடையாளம் இருக்கவேண்டிய மூலையில் எதுவும் இல்லை. கம்பியில்லா இணைப்புக்கான கருவி எதுவும் காணப்படவில்லை என்று அது மரியாதையாக அறிவித்தது.

"என்ன சொல்லுது?" என்றாள்.

"டிரைவர் இல்லையாம். அதாவது, உள்ளுக்குள்ள ஒரு சின்னச் சிப் இருக்கு. அதோட கதைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லை."

"முந்தி இருந்தவர்தானே?"

"ஓம்."

"அவருக்கு என்ன நடந்தது?"

"நான்தான் அனுப்பிப்போட்டன்."

அவள் குசினிக்குள் போனாள். சட்டி வைக்கப்பட்ட சத்தத்தில் மிச்சக் கருத்து இருந்தது.

டிரைவரை இணையத்திலிருந்து இறக்கிப் போடலாம், அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இறங்குதுறையில் நிற்கிறோம் என்று வையுங்கள், அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போக வேண்டும். படகு மூதூர்ப் பக்கம் கட்டிக் கிடக்கிறது. போய் அவிழ்த்துக்கொண்டு வந்தால் ஏறலாம். அன்று என் நிலை அதுதான்.

கைபேசியை வயரால் கணினியில் இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கலாம் என்று அறிந்தேன். எங்கள் வீடு மலைச்சரிவின் பின்புறம் இருக்கிறது. வீட்டுக்குள் கைபேசிக்குத் தொடர்பு வராது. படலையடி வேப்பமரத்தின் கீழ் மட்டும், காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, வரும் போகும். ஒரு கதிரையையும் லப்டொப்பையும் கைபேசியையும் கொண்டுபோய் அங்கே இருந்தேன். எங்கள் ஊர் ரோட்டில் மாடுகளைப் போலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து, படலைக்கு மேலால் தலையை நீட்டித் திரையைப் பார்த்தது. நானாவும் மதிலுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன சேர், சரிவரல்லியா?"

"டிரைவர் தேடுறன் நானா."

"எங்கட மருமகன்ட லொறிக்கும் ஆள் இல்ல. ஒண்டு கெடச்சா ரெண்டாப் பாருங்க."

இந்தப் பகிடியை அவர் அந்தக் கிழமை முழுதும் சொன்னார். பள்ளிக்குத் தொழப் போகும்போதும் சொன்னார், வரும்போதும் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். வைஃபை அவருடையது அல்லவா.

சிப்பின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை. அந்தப் பெயருக்குரிய டிரைவரைத் தேட இன்னொன்று. தெரியாத தேசங்களில் இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள், இதே சிப்பினால் இதே துன்பத்தை அனுபவித்தவர்கள், ஒருவருக்கொருவர் எழுதிய ஆறுதல்களை எல்லாம் வாசித்தேன். ஒருவர் சொன்னதைச் செய்தேன், திரை கறுத்தது. இன்னொருவர் சொன்னதைச் செய்து அந்தக் கறுப்பை நீக்கினேன். கடைசியில் ஒரு பின்னேரம், வேப்பஞ்சருகு விசைப்பலகையில் கொட்டிக்கொண்டிருக்க, மூலையில் அந்தச் சின்ன விசிறி அடையாளம் தோன்றியது. உள்ளே ஓடிப்போய்க் காட்டினேன். நானாவின் ரவுட்டரின் பெயர், அவருடைய பேத்தியின் செல்லப்பெயர், திரையில் தெரிந்தது.

மனைவி தன் தங்கையை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். படம் தெளிவு, சத்தம் தெளிவு. தங்கை முதலில் கேட்டது "அக்கா, ஏன் மெலிஞ்சிட்டாய்?" என்று. மனைவிக்கு லினக்ஸ் மீது அன்றைக்குத்தான் ஒரு பிடிப்பு ஏற்பட்டது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். சரியாக வேலை செய்கிற ஒன்றைச் சும்மா விட ஏலாதவர்கள் உலகத்தில் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அப்டேட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சரஸ்வதி பூசையன்று காலை, புதிய அப்டேட் இருக்கிறது, போடவா என்று லப்டொப் கேட்டது. போடு என்றேன். அது போட்டு முடிந்து நானும் மூடி வைத்த நேரத்தில், மனைவி ஈரத்துணியோடு வந்து அதைத் தூக்கினாள்.

நவராத்திரியின் கடைசி நாள் எங்கள் வீட்டில் புத்தகங்கள், பேனைகள், பிள்ளைகளின் பழைய வயலின், மனைவியின் அகராதிகள் எல்லாம் சாமியறையில் கும்பத்தின் முன் அடுக்கப்படும். அடுத்த நாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை அவற்றை ஒருவரும் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது. நேர்முகப் பரீட்சை விஜயதசமியன்று காலை, பூசைக்குச் சற்றுப் பின். கொழும்பில் நாள் குறித்தவர்களுக்கு அது தெரிந்திராது. மனைவி அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்திருந்தாள். எனவே இந்த முறை லப்டொப்புக்கும் இடம் உண்டு.

"பொறும், அப்டேட்டுக்குப் பிறகு ஒருக்கா வைஃபை பாக்கவேணும்" என்றேன்.

"நேற்று வேலை செய்ததுதானே?"

"நேற்று செய்தது."

"அப்ப நாளைக்கும் செய்யும். இனித் தொட ஏலாது."

அவள் அதைத் துடைத்தாள். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள், அதன்மேல் குங்குமம். அவள் பொட்டு வைக்கிற விஷயத்தில் கஞ்சத்தனம் கிடையாது. மூடியின் நடுவில், நான்கு மூலையிலும், விளிம்பில். பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலை இல்லை. புத்தகமும் இல்லை. வாசிக்காமல் இருப்பது ஒரு வருத்தம் போல. மத்தியானத்துக்கு மேல் பவுடர் பேணியில் எழுதியிருந்ததை வாசித்தேன், பிறகு அதன் மறுபக்கத்தை. பின்னேரம் மனைவி அவலும் கடலையும் மதிலுக்கு மேலால் கொடுத்தாள். நானாவின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். "நாளைக்கு எத்தனை மணிக்கி புள்ள? எங்கட ஊட்டுல அப்ப ஒருத்தரும் போனைத் தொடப்படாதெண்டு சொல்லிட்டன். இன்டர்நெட் முழுக்க ஒங்களுக்குத்தான்" என்று ராத்தா சொன்னது எனக்கும் கேட்டது. அவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் நிறைய. அது லேசான காரியம் அல்ல.

விஜயதசமிக் காலை பூசை முடிந்தது. மனைவி புதுச்சேலை உடுத்து, லப்டொப்பைக் கும்பிட்டு எடுத்துவந்து மேசையில் வைத்தாள். நான் திறந்தேன். திரை வந்தது. மூலையில் விசிறி அடையாளம் வந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். நானாவின் பேத்தியைக் காணவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒருவரையும் காணவில்லை.

"என்ன?" என்றாள்.

"ஒண்டுமில்லை."

இந்தச் சொல்லை நான் எப்போது சொன்னாலும் அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். வந்து நின்றாள்.

அப்டேட்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் செய்த வேலை, வேறென்ன. டிரைவரைக் கழற்றினேன். திரும்ப ஏற்றினேன். கணினியை அணைத்து எழுப்பினேன். பழைய பதிப்பில் எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் அதே சாம்பல் நிறம். ஒரு கட்டளைக்கு மட்டும் அது வேறு பதில் சொன்னது: கம்பியில்லா இணைப்பு ஒரு சுவிச்சினால் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று. இதில் ஏது சுவிச் என்று அந்த வரியைத் தள்ளிவிட்டேன். டிரைவர் குழம்பியிருக்கிறது, அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

மனைவி சேலைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மதிலுக்கு அப்பால் நானாவின் குரல். "சேர், ரவுட்டர் பச்சையாத்தான் இரிக்கி. யன்னல்ல தூக்கிப் புடிக்கவா?"

"வேண்டாம் நானா. பிழை இஞ்சதான்."

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. மதிலைச் சுற்றிப் படலையால் வந்து, விறாந்தையில் கிடந்த எங்கள் சிறிய மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தின் கீழே வைத்தார். அதன்மேல் ஒரு துண்டை விரித்தார். "இஞ்ச போன் புடிக்கும்தானே. தங்கச்சி இதுல இரிக்கட்டும்."

மனைவி வாசலில் நின்று அந்த மேசையைப் பார்த்தாள். காகங்கள் இருந்தன, மான் புழுக்கை இருந்தது.

"மரத்துக்குக் கீழ இருந்தா, சாத்திரம் சொல்லுறவ எண்டு நினைப்பினம்" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய், சாமியறை வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. இவளுக்கு இது கிடைக்காமல் போனால், அடுத்தது வரும்வரை இவள் காத்திருக்கமாட்டாள், இனி விண்ணப்பிக்கவே மாட்டாள் என்று எனக்குப் பட்டது. அவளுக்கு ஒருமுறைதான்.

திரும்ப அந்தக் கட்டளையை அடித்தேன், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால். அதே பதில்: சுவிச்சினால் நிறுத்தப்பட்டிருக்கிறது. நிறைய வாசிக்கிறவனுக்கு வருகிற நோய் இது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி எடுத்துக்கொள்ளமாட்டான். அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும் என்று தேடுவான். இந்த வரிக்குப் பின்னால் எதுவும் இல்லாவிட்டால்? சுவிச் என்றால் சுவிச்தான் என்றால்?

லப்டொப்பைக் கையில் எடுத்துத் திருப்பினேன். முன்விளிம்பில், வலதுபக்கமாக, நகக்கண் அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டை. இவ்வளவு காலம் அதை நான் கண்டதில்லை. அதன்மேல் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. பொட்டு வைத்த விரல் அந்தக் கட்டையை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. தள்ளிய இடத்தில் சந்தனம் இறுகிக் காய்ந்திருக்கிறது.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்துச் சந்தனத்தைக் கிண்டினேன். நகத்தால் கட்டையைத் தள்ளினேன். 'டிக்' என்றது. விசிறி வெள்ளையானது. நானாவின் பேத்தி வந்துவிட்டாள்.

மேசையில் விழுந்த சந்தனத் தூளை உள்ளங்கையால் கூட்டி, ஈர்க்கையும் சேர்த்து வேட்டி மடிப்புக்குள் வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, கை செய்தது. மனைவி வந்து பார்த்தாள்.

"வந்திட்டுதா?"

"வந்திட்டுது."

"என்ன செய்தனீங்கள்?"

"அப்டேட்டில வந்த பிழை. ஒரு கட்டளை மாத்தி அடிக்கவேண்டிக் கிடந்தது."

"அப்ப நீங்கள்தான்."

"ஓம். நான்தான்."

அவள் முகத்துக்கு இரத்தம் திரும்பியது. "எனக்குத் தெரியும். வேலை செய்துகொண்டிருந்ததை நேற்று ஏன் நோண்டினனீங்கள்? உங்களால கை வைக்காம இருக்க ஏலாது. எழும்புங்கோ இதால." கதிரையைப் பின்னால் இழுத்தாள். நிமிர்ந்து இருந்தாள். எனக்கு மனம் ஆறியது. ஒரு மனுஷி நேர்முகப் பரீட்சைக்குப் புருஷனில் கோபத்தோடு போகலாம். அதனால் குரலுக்குப் பலம்தான். சாமியில் சந்தேகத்தோடு போகக்கூடாது. தான் வைத்த பொட்டே வழியை மறித்தது என்று தெரிந்திருந்தால், அவள் அதைச் சுவிச் என்று எடுத்திருக்கமாட்டாள்.

அறைக் கதவு சாத்தப்பட்டது. நான் குசினிக்குள் வாங்கில் இருந்தேன். முதலில் ஆங்கிலம் கேட்டது, பிறகு சிங்களம். எனக்கு அவளுடைய தமிழ்க்குரல்கள் எல்லாம் தெரியும்: பிள்ளைகளோடு ஒன்று, மீன்காரனோடு ஒன்று, என்னோடு இரண்டு. இந்தக் குரலை நான் கேட்டதில்லை. அவசரமில்லாத, நிதானமான, கொஞ்சம் சிரிப்பும் கலந்த குரல். நான் அறிவதற்கு முன்னரே கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி என் வீட்டு அறைக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய சிங்களம் எனக்குப் பிடிபடாத வேகத்தில் போனது. என்ன சொல்கிறாள் என்று விளங்காமலே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. நீளமாக, வயிற்றுக்குள் அதிர்கிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பேச்சை நிறுத்தி, கப்பல் முடிக்கும்வரை காத்திருந்து, ஏதோ சொன்னாள். மறுபக்கத்தில் ஆட்கள் சிரித்தார்கள். அதன்பின் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. மழை பிடித்த மாதிரி, இடைவிடாமல்.

அவள் வெளியே வந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை.

"எப்பிடி?"

"செய்தனான்" என்றாள். "ஒரு சொல் வரேல்லை. பிறகு வந்தது."

நானா படலையில் நின்றார். ஒரு பையில் மீன். ஒழுங்கை முகப்பில் நின்று மீன்காரரின் மோட்டார்சைக்கிளை மறித்திருக்கிறார். ஹோன் அடிக்காதே, உள்ளே பரீட்சை நடக்குது என்றிருக்கிறார். "சும்மா நிண்டா ஹோன் அடிக்கிறான் சேர். அவன்ட வாயையும் கையையும் மூட வாங்கவேண்டியதாப் போச்சி. ஒங்களுக்கு இண்டைக்கி மீன் மச்சம் இல்ல. பரவாயில்ல, நாங்களே திண்டுருறம்."

"நானா, பெரிய உதவி" என்றாள் மனைவி.

"சேர்தானே எல்லாம் சரிசெய்தது."

"இவரோ? இவர் பழுதாக்கினதை இவரே சரிசெய்தவர். அதுக்குப் பேர் உதவியோ?"

நானா என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். இந்தத் தீர்ப்பு அதன்பின் உறவினர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை.

வேலை கிடைத்தது. செய்தி வந்ததும் அவள் அதை முதலில் ராத்தாவுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சொன்னபோது, "நாளையிலயிருந்து இந்த மேசை எனக்கு" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யன்னலோரக் கதிரையும் அவளுக்குத்தான் போனது. காலையில் அங்கே இருந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காப்புறுதிப் பத்திரங்களையும் மருந்துச் சீட்டுகளையும் தமிழாக்குகிறாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். லப்டொப்பின் பக்கம் என் கை போனால் தலையை நிமிர்த்தாமலே, "இஞ்சேருங்கோ" என்பாள். அந்த ஒரு சொல் போதும், கை திரும்பிவிடும்.

நேற்று அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். ஏதோ ஒரு பத்திரத்தில் ஒரு சொல்லுக்குத் தமிழ் வேண்டுமாம். நானும் நூலகத்தில் இவ்வளவு காலம் இருந்தவன், ஒரு சொல் சொன்னேன். பழைய, கம்பீரமான, நல்ல சொல்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இது உங்களுக்கு மட்டும்தான் விளங்கும்."

விசைகள் திரும்பத் தொடங்கின. நான் குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.